அண்ணன் போன ஊர்: ஒரு தில்லி நாவலும் அதற்குள் இருக்கும் ஹைதராபாத்தும்

அனிதா தேசாயின் 'கிளியர் லைட் ஆஃப் டே' நாவலில் தாஸ் குடும்பத்துப் பிள்ளைகளைப் பிரித்தது எது? 1980-ல் நாவல் வெளிவந்து, அவ்வாண்டின் புக்கர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற நாளிலிருந்து இந்தக் கேள்விக்குப் பல பதில்கள் சொல்லப்பட்டுவிட்டன. காலம் பிரித்தது என்றார்கள் சிலர். தேசப் பிரிவினை பிரித்தது என்றார்கள் வேறு சிலர். சுமையை எல்லாம் ஒரு பெண்ணின் தலையில் இறக்கிவைக்கும் குடும்ப அமைப்பே காரணம் என்றும், ஒரு மொழிப் பண்பாட்டின் வீழ்ச்சியே காரணம் என்றும் வாசிப்புகள் உண்டு. இந்தப் பதில்கள் ஒவ்வொன்றுக்கும் நாவலுக்குள் ஆதாரம் இருக்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஒரு விஷயத்தைக் கேட்காமலே கடந்துபோகின்றன. அண்ணன் ராஜா தில்லியை விட்டுப் போன ஊர் ஹைதராபாத். அந்த ஊர் ஏன், அந்த ஆண்டில் ஏன் என்ற கேள்வியை எழுப்பினால் மற்ற பதில்களின் இடைவெளிகள் ஓரளவு அடைபடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். பழைய தில்லியில் ஒரு வாடகை வீடு. மூத்தவன் ராஜா, அடுத்தவள் பிம், பிறகு தாரா, கடைக்குட்டி பாபா. பாபாவின் மனவளர்ச்சி குழந்தைப் பருவத்தோடு நின்றுவிட்டது. பெற்றோருக்கு ரோஷனாரா கிளப்பின் சீட்டாட்டமே உலகம். பிள்ளைகளை வளர்த்தவள் விதவையான மீரா மாசி. வீட்டுக்குச் சொந்தக்காரர் அண்டையில் வாழும் ஹைதர் அலி. அவருடைய நூலகத்தில்தான் ராஜா உருதுக் கவிதையில் தோய்கிறான். 1947 கோடையில் ஹைதர் அலி குடும்பம் ஓர் இரவில் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறி ஹைதராபாத்துக்குப் போய்விடுகிறது. காசநோயில் கிடந்த ராஜா உடல் தேறியதும் அங்கே போகிறான்; ஹைதர் அலியின் மகள் பெனசீரை மணக்கிறான். தாரா ஒரு ராஜதந்திரியை மணந்து வெளிநாடு போகிறாள். பிம் கல்லூரியில் வரலாறு கற்பித்துக்கொண்டு, பாபாவையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு தங்கிவிடுகிறாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, ராஜாவின் மகள் திருமணத்துக்குப் போகும் வழியில் தாரா தில்லி வருவதிலிருந்து நாவல் தொடங்குகிறது. பிம் அந்தத் திருமணத்துக்குப் போக மறுக்கிறாள்.

காலமும் நினைவும்

முதல் பதில் நாவலின் கட்டமைப்பிலிருந்தே பிறக்கிறது. நான்கு பகுதிகள்: நிகழ்காலம், 1947-ன் கோடை, அதற்கும் முந்தைய குழந்தைப் பருவம், மீண்டும் நிகழ்காலம். முகப்பில் எமிலி டிக்கின்சனும் டி. எஸ். எலியட்டும் மேற்கோளாக நிற்கிறார்கள். ஒரு குடும்பத்தின் வாழ்க்கை காலத்துக்குள் முன்னும் பின்னும் நகர்வதை எழுதுவதே தம் முனைப்பு என்ற பொருளில் தேசாயும் பேசியிருக்கிறார். எனவே இதை நினைவின் நாவலாக வாசிப்பவர்கள் ஆசிரியரின் நோக்கத்துக்கு அருகிலேயே இருக்கிறார்கள். இந்த வாசிப்பின் பலத்துக்கு லோதி தோட்டத்துத் தேனீக் காட்சி ஒன்று போதும். தேனீக்கள் பிம்மைச் சூழ்ந்து கொட்டுகின்றன. தாரா அக்காவை விட்டுவிட்டு ஓடுகிறாள். அந்தக் குற்றவுணர்வை அவள் பல ஆண்டுகள் சுமக்கிறாள். பிம்முக்கோ அது மனதில் வைத்துக்கொள்ளும் விஷயமாகவே இல்லை. ஒரே நிகழ்ச்சி இரண்டு சகோதரிகளுக்குள் இரண்டு எடைகளோடு வாழ்வதைத் தேசாய் காட்டும் விதம் அபாரமானது.

ஆனால் காலமும் தூரமும்தான் பிரித்தன என்றால் பிம்மின் கோபம் தாராவின் மீதும் அதே அளவு திரும்பியிருக்க வேண்டும். தாராவும் வீட்டை விட்டுப் போனவள்தான். தில்லியிலிருந்து வாஷிங்டன் ஹைதராபாத்தைவிட எத்தனையோ மடங்கு தூரம். அவள் ஓடியது தேனீக்களிடமிருந்து மட்டுமில்லை, அந்த வீட்டிடமிருந்தும்தான். இருந்தும் தாராவோடு பிம்முக்கு இருப்பது சலிப்பும் சீண்டலும்தான்; முறிவு இல்லை. முறிவு ராஜாவோடு. நினைவின் இயக்கத்தை மட்டும் பேசும் வாசிப்பு இந்த வேறுபாட்டுக்கு விடை தருவதில்லை.

வீடும் நாடும்

இரண்டாவது பதில் குடும்பத்தை நாட்டின் உருவகமாகப் பார்க்கிறது. மூன்றாம் உலக நாவல்கள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் தேசத்தின் உருவகக் கதைகளே என்று ஃபிரெட்ரிக் ஜேம்சன் 1986-ல் எழுதினார். அடுத்த ஆண்டே ஐஜாஸ் அகமது அதைக் கடுமையாக மறுத்தார்; இத்தனை மொழிகளின், இத்தனை சமூகங்களின் இலக்கியத்தை ஒரே சூத்திரத்தில் அடைக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த விவாதத்துக்கு இந்த நாவல் நல்ல களம். நகரம் எரிவதை மொட்டை மாடியிலிருந்து பார்க்கிறார்கள். நாடு நோயுற்ற கோடையில் ராஜாவும் நோயில் கிடக்கிறான். காந்தி கொல்லப்பட்ட செய்தி அந்த வீட்டுக்குள் அச்சமாக நுழைகிறது. இவை தற்செயலான ஒப்புமைகள் என்று ஒதுக்குவது கடினம்.

இருப்பினும் உருவகத்தின் வரைபடம் கதையின் வரைபடத்தோடு பொருந்துவதில்லை. தாஸ் பிள்ளைகளில் யாரும் பாகிஸ்தானுக்குப் போகவில்லை. ஹைதர் அலி குடும்பமும் போகவில்லை. ஓர் இந்து இளைஞன் ஒரு முஸ்லிம் குடும்பத்தைத் தேடித் தெற்கே போகிறான். அத்தியா ஹொசைனின் 'சன்லைட் ஆன் எ ப்ரோக்கன் காலம்' (1961) நாவலோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கே லக்னோ குடும்பத்துச் சகோதரர்களில் ஒருவர் பாகிஸ்தானைத் தேர்கிறார், மற்றவர் இந்தியாவில் தங்குகிறார். எல்லைக்கோடு குடும்பத்தின் நடுவிலேயே ஓடுகிறது. தாஸ் குடும்பத்துக்கு நடுவே ஓடுவது எல்லைக்கோடு இல்லை, ரயில் பாதை. நாட்டின் பிரிவினையை வீட்டின் பிரிவினையாக அப்படியே மொழிபெயர்க்கும் வாசிப்பு இந்தத் திசை மாற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை. இறுதியில் பிம் அண்ணனை மன்னிக்கிறாளே, அதற்கு ஈடாகத் துணைக்கண்டத்தின் அரசியலில் எதைச் சொல்வது என்ற கேள்வியும் எஞ்சுகிறது.

சுமந்தவள் பக்கம்

மூன்றாவது பதில் பெண்ணியத்திடமிருந்து வந்தது. ஊர்வசி புடாலியாவின் நூலும், ரிது மேனன், கம்லா பாசின் இருவரும் எழுதிய நூலும் 1998-ல் வெளிவந்த பிறகு, பிரிவினை வரலாற்றைப் பெண்களின் உடல், உழைப்பு, மௌனம் வழியாகப் பார்க்கும் பழக்கம் வலுப்பெற்றது. அந்தக் கண்ணோடு பார்த்தால் 1947-ன் கோடையில் தாஸ் வீட்டில் நடப்பது மிகத் தெளிவாகத் தெரிகிறது. ராஜாவின் காசநோய்க்குப் பணிவிடை செய்வது பிம். குடியில் அழியும் மீரா மாசியைப் பார்ப்பது பிம். பாபாவைப் பார்ப்பதும் பிம். மாசியோ, புகுந்த வீட்டில் கணவனைத் தின்றவள் என்று பழிக்கப்பட்டு, பிள்ளை வளர்க்க ஆள் தேவைப்பட்டபோது இங்கே அனுப்பப்பட்டவள். குடும்பம் ஒரு பெண்ணை எப்படிப் பயன்படுத்தித் தீர்க்கிறது என்பதற்கு அவள் முன்மாதிரி. அடுத்த தலைமுறையில் அந்த இடம் பிம்முக்கு. அண்ணன் தங்கைக்காக எல்லாவற்றையும் இழக்கும் 'பாசமலர்' (1961) மரபில் ஊறிய தமிழ் வாசகர்களுக்கு, இங்கே இழப்பு முழுவதும் தங்கையின் பக்கம் சாய்ந்திருப்பது உடனே உறைக்கும்.

இந்த வாசிப்பின் குறை, பிம்மைத் தியாகியாக்கிவிடும் ஆபத்து. அந்த ஆபத்தைத் தேசாய் முன்பே உணர்ந்திருக்கிறார். குடும்பத்துக்காகவே நீங்கள் திருமணத்தைத் தவிர்க்கிறீர்கள், இப்போது புரிகிறது என்ற பொருளில், பிம்மை மணக்க விரும்பிய டாக்டர் பிஸ்வாஸ் சொல்லும்போது பிம் கொதித்துப்போகிறாள். அவள் தன் வேலையை விரும்புபவள். தனியாக வாழ்வதில் பெருமிதம் கொண்டவள். அதோடு, ராஜா போனதற்காக மட்டும் பிம் உறவை முறித்துக்கொள்ளவில்லை. பிறகு வந்த ஒரு கடிதத்துக்காகவே முறித்துக்கொண்டாள். அந்தக் கடிதம் ஏன் அத்தனை ஆழமாகக் காயப்படுத்தியது என்பதற்குப் பணிவிடைச் சுமை பற்றிய விளக்கம் மட்டும் போதுமானதாக இல்லை.

உருதுவின் நிழல்

நான்காவது பதில் மொழியைப் பற்றியது. ராஜா ஜாமியாவில் இஸ்லாமியவியல் படிக்க விரும்புகிறான். காலத்தின் ஆபத்தை அறிந்த தந்தை தடுக்கிறார். இந்து கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கப்போன இடத்தில், முஸ்லிம்களின் நண்பன் என்பதற்காகச் சக மாணவர்களின் மிரட்டலுக்கு ஆளாகிறான். தில்லியின் கூட்டுப் பண்பாடு ஒன்று அழிந்ததே இந்தக் குடும்பத்தின் அழிவாகவும் காட்டப்படுகிறது என்பது இந்த வாசிப்பின் மையம். உருதுக் கவிஞர் ஒருவரின் சிதைவைச் சொல்லும் 'இன் கஸ்டடி'யைத் தேசாய் 1984-ல் எழுதியதும், இந்த நாவலின் முடிவில் இசைக் கச்சேரியில் இக்பாலின் கவிதை பாடப்படுவதும் இதற்கு வலு சேர்க்கின்றன. இந்தப் பதிலுக்கு ஹைதராபாத் ஓரளவு தேவைப்படவும் செய்கிறது. 1918-ல் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு உஸ்மானியா பல்கலைக்கழகத்தை நிறுவிய ஊர் அது. உருதுவைக் காதலித்த ஓர் இளைஞன் அங்கே போவதில் பொருத்தம் இருக்கிறது. ஆனால் அங்கே போன ராஜா கவிஞனாகவில்லை, வசதியான சொத்துக்காரனாகிறான். மொழிக்காதல் அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததை விளக்கலாம். அங்கிருந்து அவன் தங்கைக்கு என்ன எழுதினான் என்பதை அது விளக்காது.

1948-ல் ஹைதராபாத்

ராஜா தில்லியை விட்டுப் போன நாளை நாவல் குறிக்கவில்லை. ஆனால் 1948 ஜனவரி 30 அன்று காந்தி கொல்லப்பட்ட செய்தியை பிம் வந்து சொல்லும்போது ராஜா தில்லி வீட்டில்தான் இருக்கிறான். ஆகவே அவன் ஹைதராபாத்துக்குப் போனது அதன் பிறகு. அப்போது அந்த ஊர் எப்படி இருந்தது? நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் இந்தியாவோடும் இணையவில்லை, பாகிஸ்தானோடும் இணையவில்லை. 1947 நவம்பரில் இருந்த நிலையை ஓராண்டு தொடர்வதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. காசிம் ரஸ்வியின் ரஜாக்கர் ஆயுதப்படையினர் ஒருபுறம், தெலங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் மறுபுறம் என்று சமஸ்தானம் கொதித்துக்கொண்டிருந்தது. வட இந்தியாவில் உயிருக்கு அஞ்சிய முஸ்லிம்கள் பலர் புகலிடமாகக் கருதிய இடமும் அதுவே. ஹைதர் அலியின் தேர்வு அந்த வகையில் வரலாற்றுக்குப் பொருந்தியது. 1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் நுழைந்தது. ஐந்தாவது நாளில் நிஜாமின் ஆட்சி பணிந்தது. 'போலீஸ் நடவடிக்கை' என்று அழைக்கப்பட்ட அந்த நிகழ்வைத் தொடர்ந்து மராத்வாடா உள்ளிட்ட பகுதிகளில் முஸ்லிம்கள் மீது பெரும் வன்முறை நடந்தது. பண்டிட் சுந்தர்லால் தலைமையில் அரசு அனுப்பிய குழு, குறைத்து மதிப்பிட்டாலும் 27,000 முதல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று அறிக்கை தந்தது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் பொதுப் பார்வைக்கு வரவில்லை. 1949-ல் ஜாகிர்தாரி என்ற நிலமானிய முறையும் ஒழிக்கப்பட்டது.

தில்லி எரிந்ததை மாடியிலிருந்து காட்டிய நாவல் இதில் எதையும் சொல்வதில்லை. ராஜாவின் ஹைதராபாத் பிம்மின் கற்பனையில் செழிப்பும் சோம்பலும் நிறைந்த ஊர். அண்ணன் சுகமாகப் பருத்துப்போன ஊர். அந்த மௌனத்தின் மறுபக்கத்தைக் காண நமக்குத் தமிழிலேயே ஒரு நாவல் இருக்கிறது. செகந்திராபாத்தில் 1931-ல் பிறந்து அங்கேயே வளர்ந்த அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' 1977-ல், தேசாயின் நாவலுக்கு மூன்றாண்டுகள் முன்பு வெளிவந்தது. ரயில்வே ஊழியரின் மகனான சந்திரசேகரன் என்ற தமிழ்ப் பையன், கிரிக்கெட்டும் கல்லூரியுமாக இருந்த தன் ஊர் கண்ணெதிரே வேறாக மாறுவதைப் பார்க்கிறான். இறுதியில், அச்சத்தில் ஒடுங்கிய ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண், தன் வீட்டாரைக் காப்பாற்ற அவன் முன் தன்னையே ஒப்புக்கொடுக்க முன்வரும் இடத்தில் அவன் கூசிக் குறுகி ஓடுகிறான். ஜீலானி பானுவின் உருது நாவலான 'ஐவான்-எ-கஸல்' (1976) அதே நகரின் மேல்தட்டுக் குடும்பம் ஒன்றின் சரிவைப் பெண்களின் பக்கத்திலிருந்து சொல்கிறது. இந்த இரண்டையும் அருகில் வைத்துப் படித்தால், ராஜா போய்ச் சேர்ந்த இடம் ஒரு புகலிடமாக இருந்த காலம் மிகக் குறுகியது என்பது புரியும். பெனசீரின் வீட்டார் சுமார் ஓராண்டு இடைவெளியில் இரண்டாவது முறையும் அஞ்ச வேண்டியிருந்திருக்கலாம். அந்த அச்சம் தில்லிக்கு எட்டவே இல்லை. எட்டாமல் போனதும் பிரிவின் ஒரு பகுதிதான்.

வாடகைக் கடிதம்

இப்போது கடிதத்துக்கு வருவோம். ஹைதர் அலி இறந்த பிறகு அவருடைய சொத்துகள் ராஜாவின் கைக்கு வருகின்றன. பிம்மும் பாபாவும் வாழும் தில்லி வீடும் அதில் அடக்கம். வாடகையை உயர்த்த மாட்டேன், நீயும் பாபாவும் பழையபடியே இருக்கலாம் என்ற பொருளில் ராஜா எழுதுகிறான். அவன் அளவில் அது பெருந்தன்மை. பிம் அளவில் அண்ணன் வீட்டுக்காரனாகிவிட்டான், தான் குடியிருப்பவளாகிவிட்டாள். அந்தக் கடிதத்தை அவள் ஆண்டுக்கணக்கில் எடுத்து வைத்திருக்கிறாள். தாராவிடம் எடுத்துக் காட்டுகிறாள். நாவலின் உச்சத்தில் ஔரங்கசீப்பின் கடைசி நாட்களைப் பற்றிப் படித்துவிட்டு, பழைய காகிதங்களோடு அதையும் கிழித்துப்போடுகிறாள்.

இந்தக் கடிதம் சாத்தியமானதற்குக் காரணமே ஹைதராபாத்தான். 1950-ஆம் ஆண்டின் வெளியேறியோர் சொத்து நிர்வாகச் சட்டம், பிரிவினையாலோ கலவர அச்சத்தாலோ இப்போதைய இந்திய எல்லைக்கு வெளியே போனவர்களை வெளியேறியவர்களாக வரையறுத்தது. அப்படிப்பட்டவர்களின் வீடுகள் கஸ்டோடியன் என்ற அதிகாரியின் பொறுப்புக்குப் போயின. அவற்றில் பல அகதிகளுக்கு ஒதுக்கப்பட்டன. ஹைதர் அலி கராச்சிக்குப் போயிருந்தால், சட்டத்தின் எழுத்துப்படி, தாஸ் பிள்ளைகளின் வீடு ராஜாவுக்கு வந்திருக்க முடியாது. பிம் அரசாங்கத்துக்கோ யாரோ ஒரு முகம் தெரியாதவருக்கோ வாடகை கொடுத்திருப்பாள். அண்ணனிடம் அவளுக்கு ஏக்கம் இருந்திருக்கும், இந்தக் கசப்பு இருந்திருக்காது. எல்லை தாண்டிய பிரிவு உறவைத் துண்டித்துவிடும். துண்டித்த உறவை ஒரு புனிதமான இழப்பாகப் போற்றிக்கொள்ளவும் முடியும். எல்லை தாண்டாத பிரிவில் கடிதம் வரும், வாடகை ரசீது வரும், கல்யாணப் பத்திரிகை வரும். மனிதர்கள் பிரிந்தாலும் கணக்கு வழக்கு பிரியாது. பிம்மின் கோபத்துக்கு இந்த நிலையே சரியான விளக்கம் என்று தோன்றுகிறது. தன் உழைப்புக்கு எந்தப் பத்திரமும் இல்லாதபோது அண்ணனின் திருமணத்துக்கு ஒரு பத்திரம் இருக்கிறது என்பதை அந்தக் கடிதம் அவளுக்குச் சொல்லிவிட்டது. பெண்ணிய வாசிப்பு சொன்ன சுமையும் உருவக வாசிப்பு சொன்ன பிரிவினையும் இந்தக் காகிதத்தில் வந்து ஒன்றுசேர்கின்றன.

மறுப்புகள்

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. முதலாவது, நாவல் பேசாத வரலாற்றை அதன்மேல் ஏற்றலாமா என்பது. நியாயமான எச்சரிக்கை. ஆனால் ஹைதராபாத் என்ற பெயரைத் தேர்ந்தவர் தேசாய். அவருடைய நாயகி வரலாற்று ஆசிரியை. 1947-ஐ மாதவாரியாக உணர்ந்தவள். அப்படிப்பட்டவள் தன் அண்ணன் வாழும் ஊரின் 1948-ஐப் பற்றி ஒன்றுமே நினைத்துப் பார்ப்பதில்லை என்பது பாத்திரப் படைப்பு பற்றிய செய்தி. காயம்பட்டவளுக்கு எதிராளியின் ஊரின் வரலாறு கண்ணில் படுவதில்லை. இது தேசாயின் திட்டமிட்ட விடுபடல் என்று நிறுவ முடியாது. அந்த விடுபடல் பிம்முக்குப் பொருந்துகிறது என்று மட்டும் சொல்லலாம்.

இரண்டாவது மறுப்பு, பிளவு 1947-க்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது. மூன்றாம் பகுதி முழுவதும் அதற்குச் சான்று: கவனிக்காத பெற்றோர், வீரனாக வேண்டும் என்ற ராஜாவின் கனவு, வீட்டிலிருந்து தப்பித்தால் போதும் என்ற தாராவின் தவிப்பு. இதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் விரிசல் விழுந்த எல்லாக் குடும்பங்களும் உடைந்துவிடுவதில்லை. குழந்தைப் பருவம் யார் போவார்கள், யார் இருப்பார்கள் என்பதைத் தீர்மானித்தது. போனவனுக்கும் இருந்தவளுக்கும் இடையிலான உறவு பாசமாகத் தொடருமா, கடன்காரக் கணக்காக மாறுமா என்பதைத் தீர்மானித்தது பின்னால் வந்த வரலாறு. மூன்றாவது மறுப்பு, மன்னிப்பு பிம்மின் உள்ளத்தில் தானாகப் பிறந்த தெளிவே, சட்டத்துக்கும் ஊருக்கும் அதில் இடமில்லை என்பது. தெளிவு உள்ளிருந்து வந்தது உண்மைதான். ஆனால் தெளிந்தவள் செய்யும் காரியத்தைப் பார்க்க வேண்டும். ராஜாவைத் தில்லிக்கு வரச்சொல் என்று தாராவிடம் சொல்லியனுப்புகிறாள். விசா வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். அந்த அழைப்பும் ஹைதராபாத் இந்தியாவில் இருப்பதால்தான் அத்தனை எளிதாக இருக்கிறது. காயத்தை உண்டாக்கிய அதே நிலைமைதான் அது ஆறும் வழியையும் திறந்து வைத்திருக்கிறது.

எஞ்சி நிற்பவை

ஆக, நான்கு பழைய பதில்களில் எதையும் தள்ள வேண்டியதில்லை. நினைவின் நாவல் என்ற வாசிப்பு அதன் வடிவத்தையும், தேச உருவக வாசிப்பு அதன் காலத்தையும், பெண்ணிய வாசிப்பு அதன் அநீதியையும், மொழி வாசிப்பு ராஜாவின் ஆசையையும் விளக்குகின்றன. முறிவு ஏன் ராஜாவோடு மட்டும் நிகழ்ந்தது, ஏன் ஒரு வாடகைக் கடிதத்தில் நிகழ்ந்தது, ஏன் அது மீட்கக்கூடியதாக இருந்தது என்ற மூன்று கேள்விகளுக்கு, ராஜா போன ஊரை உண்மையான ஊராகக் கருதும் வாசிப்பு கூடுதலான விடை தருகிறது என்பதே இங்கே சொல்ல முடிந்தது. பிரிவினை இலக்கியம் என்றால் எல்லை தாண்டியவர்களின் இலக்கியம் என்ற வரையறையை விரிவாக்க வேண்டிய தேவையையும் இது சுட்டுகிறது. நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்களின் குடும்பங்கள் தமக்கான விமர்சனத்தை இன்னும் முழுமையாகப் பெறவில்லை.

தீராதவையும் உண்டு. நாவலின் நிகழ்காலத்தில் ராஜா ஒருமுறைகூட நேரில் வருவதில்லை. அவன் தரப்பு கேட்கப்படவே இல்லை. பெனசீருக்கு அவ்வளவுகூட இல்லை. 1947-ல் ஒருமுறை வீட்டை இழந்து, 1948-ன் நிகழ்வுகளை அருகிலிருந்து பார்த்திருக்கக்கூடிய அந்தப் பெண்ணின் கண்ணில் இந்த நாத்தனாரின் கோபம் எப்படித் தெரிந்திருக்கும் என்பதற்கு நாவலில் குறிப்பில்லை. அழைப்பை ஏற்று ராஜா வந்தானா, வந்தால் வீட்டுக்காரனாக வந்தானா, அண்ணனாக வந்தானா என்பதும் சொல்லப்படவில்லை. ஹைதராபாத்தின் உருது, தெலுங்கு, தமிழ் எழுத்துகளைத் தேசாயோடு சேர்த்து வைத்துப் படிக்கும் ஒப்பாய்வு பெருகினால் இந்தக் கேள்விகளில் சிலவற்றுக்காவது துலக்கம் கிடைக்கலாம். அதுவரை, பிம்மின் மன்னிப்பை ஒருதலையாகத் தரப்பட்ட மன்னிப்பு என்றே கொள்வது பாதுகாப்பானது. தரப்பட்டது உறுதி, பெற்றுக்கொள்ளப்பட்டதா என்பதற்கு நாவல் சான்று தரவில்லை.